புரதத்தின் சரியான வடிவம் சாப்பரோனுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி இது: "வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆவதில்லை. ஆனால் 42 டிகிரி சூடு பட்ட செல் மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது. குலைந்த புரதங்களைச் சாப்பரோன் புரதங்கள் சரிசெய்துவிடும் என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கும்போது, ஒவ்வொன்றின் சரியான வடிவமும் சாப்பரோனுக்கு எப்படித் தெரியும்? காய்ச்சல் நேரத்தில் இதை அதிகப்படுத்த வழி உண்டா?"

தெரியாது என்பதுதான் முதல் கேள்விக்குப் பதில். எந்தப் புரதத்தின் வடிவமும் சாப்பரோனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. உள்ளே இருக்க வேண்டிய ஏதோ ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, அதை மட்டும்தான் அது பார்க்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமில மணிகளைக் கோத்த ஒரு சரம். சில மணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்கு ஆகவே ஆகாது, எண்ணெய்க் குணம். சரம் சுருண்டு மடியும்போது இந்த எண்ணெய்க் குண மணிகள் உள்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும், தண்ணீர் பிடித்தவை வெளியே நிற்கும். சூடு ஏறினால் இந்த மடிப்பு தளர்ந்து உள்ளே இருந்தது வெளியே எட்டிப் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு புரதமும் அதே நிலைமையில் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது வந்து ஒட்டும், அப்புறம் நிற்காது. முட்டையின் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருந்தது வெள்ளையாக மாறுவது இப்படித்தான். புரதம் அவிழ்ந்ததோடு நின்றிருந்தால் அது வெளுத்திருக்காது, அவிழ்ந்தவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால்தான் வெளுக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி விஷயம் முடிந்தது.

ஏனென்றால் அவிழ்வது பெரிய பிரச்சினையே இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சென் ரைபோநியூக்ளியேஸ் என்ற சின்ன என்சைமை யூரியாவில் போட்டு முழுக்க அவிழ்த்தார், யூரியாவை எடுத்துவிட்டார், அது தானாகவே பழையபடி மடிந்து வேலை செய்தது. யாரும் சொல்லித்தரவில்லை. எப்படி மடிய வேண்டும் என்பது அந்தச் சரத்தின் வரிசையிலேயே எழுதியிருக்கிறது. இதற்கு 1972-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. சரி, அப்படியானால் சாப்பரோன் எதற்கு? அன்ஃபின்செனின் குழாயில் புரதம் மிகவும் நீர்த்த நிலையில் இருந்தது, ஒன்றுக்கு மற்றொன்று எட்டாத தூரம். செல்லுக்குள்ளோ ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 300 கிராம் புரதமும் மற்றப் பெரிய மூலக்கூறுகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே அவிழ்ந்த புரதம் தானாக மடியத்தான் பார்க்கும், ஆனால் மடிவதற்குள் பக்கத்தில் இருப்பது பிடித்துக்கொள்ளும்.

இந்த இடைவெளியில்தான் சாப்பரோன் வருகிறது. பெயரே அதைத்தான் சொல்கிறது. பழைய ஐரோப்பாவில் கல்யாணமாகாத பெண் வெளியே போனால் கூடவே ஒரு பெரியம்மா துணைக்குப் போவார், அவருக்குத்தான் அந்தப் பெயர். மாப்பிள்ளை பார்ப்பது அவர் வேலை இல்லை, வேண்டாத சகவாசம் ஏற்படாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். 1978-இல் ரான் லாஸ்கி தவளை முட்டையில் டிஎன்ஏவும் ஹிஸ்டோன் புரதங்களும் கன்னாபின்னாவென்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஒரு புரதத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். தாவரங்களில் ருபிஸ்கோ என்சைம் உருவாவதை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் எல்லிஸ் 1987-இல் இதை ஒரு பெரிய குடும்பத்துக்கே பொதுப்பெயர் ஆக்கினார். பாடப்புத்தகம் 'சரிசெய்யும்' என்று எழுதியது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். அந்தச் சொல் ஒரு மெக்கானிக்கை மனசில் கொண்டுவருகிறது, இங்கே இருப்பது பெரியம்மா.

நான் மாணவனாக இருந்தபோது செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன், பல ஆய்வகங்களில் இன்றும் செய்வதுதான். பன்றி இதயத்திலிருந்து எடுத்த சிட்ரேட் சிந்தேஸ் என்ற என்சைமைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி 43 டிகிரியில் வைத்து, 360 நானோமீட்டர் ஒளியை அதன் வழியே விட வேண்டும். முதலில் தெளிந்த தண்ணீர். சில நிமிடம் கழித்து லேசான புகை மாதிரி ஒன்று, அப்புறம் அரிசி கழுவின தண்ணீர் நிறம், திரையில் கலங்கலைக் காட்டும் கோடு மேலே மேலே ஏறும். இன்னொரு குப்பியில் அதே என்சைம், கூடவே ஆல்ஃபா-பி கிரிஸ்டலின் என்ற சின்ன சாப்பரோன். அரை மணி நேரம் ஆனாலும் தெளிவாகவே இருந்தது, கோடு தரையோடு படுத்துக்கிடந்தது. ஆகா, காப்பாற்றிவிட்டது என்று சந்தோஷமாக என்சைமின் வேலைத்திறனை அளந்து பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம்! அது கலங்கவும் இல்லை, வேலை செய்யவும் இல்லை. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று மூன்று தடவை திரும்பச் செய்து நேரத்தை வீணடித்தேன். தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சாப்பரோன் அவிழ்ந்த என்சைமைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதே கலவையை ஆறவைத்து எச்எஸ்பி70 என்ற இன்னொரு சாப்பரோனின் குழுவையும் (எச்எஸ்பி என்றால் வெப்ப அதிர்ச்சிப் புரதம், பெயர்க்காரணம் பின்னால் வரும்), செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபியையும் (ATP) சேர்த்தால்தான் வேலைத்திறன் மெல்ல மெல்லத் திரும்பும்.

ஆக, இதில் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. பிடித்து வைப்பவை ஒரு பக்கம், விட்டுவிட்டு மடியவைப்பவை இன்னொரு பக்கம், திரண்டதைப் பிரிப்பவை மூன்றாவது பக்கம்.

பிடித்து வைப்பவைதான் சின்ன வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். மனிதனுக்கு 10 வகை உண்டு. இவற்றுக்கு ஏடிபி தேவையில்லை, அதாவது செல்லின் சக்தி தீர்ந்துபோன நேரத்திலும் வேலை செய்யும். சேமியா வேகவைக்கும்போது ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுகிறோமே, இழைக்கு இழை ஒட்டாமல் இருக்க, கிட்டத்தட்ட அந்த வேலை. திரளையே முழுசாகத் தடுக்க முடியாதபோது, தானும் அந்தத் திரளுக்குள் கலந்து அதை இறுகவிடாமல் வைத்திருக்கும், பிறகு பிரிப்பது சுலபமாகும். மேலே சொன்ன ஆல்ஃபா-பி கிரிஸ்டலின் எங்கே அதிகம் தெரியுமா? நம் கண் லென்ஸில். லென்ஸின் நடுப்பகுதிச் செல்கள் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் தொலைத்துவிட்டவை. அங்கே புதுப் புரதம் செய்யவும் முடியாது, பழையதைத் தூக்கியெறியவும் முடியாது. கருவில் இருந்தபோது செய்த புரதமே 70, 80 வயது வரை தெளிவாக இருந்தாக வேண்டும். லென்ஸ் புரதத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆல்ஃபா கிரிஸ்டலின்தான், அது சாப்பரோனாக வேலை செய்கிறது என்பதை ஜோசஃப் ஹார்விட்ஸ் 1992-இல் காட்டினார். வருஷக்கணக்காக அது பிடித்துப் பிடித்து, ஒரு கட்டத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் போகிறது. கண்புரைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், லென்ஸ் கலங்குவது அடிப்படையில் என் குப்பி கலங்கியதைப் போன்றதுதான்.

இரண்டாவது ஆள் எச்எஸ்பி70. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரை ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கிறது. இதற்கு ஒரு கையும் அதன்மேல் ஒரு மூடியும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏடிபி ஒட்டியிருக்கும்போது மூடி திறந்திருக்கும், எது வந்தாலும் தொட்டுப் பார்த்து விட்டுவிடும். எச்எஸ்பி40 என்கிற கூட்டாளி குலைந்த புரதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, கூடவே ஏடிபியை உடைக்கவும் தூண்டும். ஏடிபி உடைந்ததும் மூடி விழும், பிடி இறுகும். பிறகு மூன்றாவது ஆள் வந்து மிஞ்சிய ஏடிபியைக் கழற்றிவிட... மன்னிக்கவும், ஏடிபியை அல்ல, அது உடைந்து மிஞ்சிய ADP-யைக் கழற்றிவிட, புது ஏடிபி வந்து உட்கார, மூடி திறந்து புரதம் வெளியே வரும். இந்தப் பெயர்களில் எல்லோரும் ஒரு தடவையாவது உளறுவோம்.

அந்தக் கை பிடிப்பது சுமார் 7 அமினோ அமில நீளமுள்ள, எண்ணெய்க் குணம் நிறைந்த ஒரு துண்டை. இப்படிப்பட்ட துண்டு அனேகமாக எல்லாப் புரதத்திலும் உண்டு, சராசரியாக 30, 40 அமினோ அமிலங்களுக்கு ஒன்று. ஒழுங்காக மடிந்த புரதத்தில் அது உள்ளே மறைந்திருக்கும், எச்எஸ்பி70 அதைச் சீண்டவே சீண்டாது. உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது: 'இது லூசிஃபரேஸ், இதற்கு இந்த வடிவம்' என்ற தகவலே அதற்கு வேண்டியதில்லை. துண்டு வெளியே தெரிந்தால் பிடி, கொஞ்ச நேரம் கழித்து விடு. விட்டதும் புரதம் தன் போக்கில் மடியப் பார்க்கும். சரியாக மடிந்தால் துண்டு மறைந்துவிடும், கதை முடிந்தது. தப்பாக மடிந்தால் துண்டு இன்னும் தெரியும், மறுபடி பிடிபடும். தப்பாக மடிந்ததை இழுத்துத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க விடுவதும் இதில் சேரும். எத்தனை தடவை விட்டுப் பிடித்தாலும் தேறாத புரதங்களுக்கு யூபிகுவிட்டின் முத்திரை குத்தி, புரோட்டியோசோம் என்ற அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சில புரதங்களுக்கு இதுவும் போதாது, முழுத் தனிமை வேண்டும். அதற்குத்தான் பாக்டீரியாவின் குரோஇஎல்: 7 துண்டுகள் கொண்ட இரண்டு வளையங்கள் முதுகோடு முதுகு ஒட்டிய பீப்பாய், மேலே குரோஇஎஸ் என்ற மூடி. புரதம் ஒன்றை உள்ளே விட்டு, மூடி, சில விநாடிகள் தனியாக மடியவிட்டுத் திறக்கும். நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் இதன் உறவுக்காரப் புரதம் உண்டு. அது இல்லாவிட்டால் புரதங்கள் மடிவதில்லை என்று 1989-இல் காட்டியவர்கள் உல்ரிச் ஹார்ட்டலும் ஆர்தர் ஹார்விச்சும். தானாக மடிவதுதான் எல்லாம் என்று இருந்த காலத்தில் அது பெரிய அதிர்ச்சி.

இனி முட்டை விஷயத்துக்கு வருவோம். உண்மையாகவே திரண்டுவிட்ட பிறகு திருப்ப முடியுமா? முடியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். சூசன் லிண்ட்குவிஸ்ட்டின் குழு 1990-இல் ஈஸ்ட்டில் எச்எஸ்பி104-க்கான மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தது. சாதாரண ஈஸ்ட்டை முதலில் 37 டிகிரியில் கொஞ்ச நேரம் பழக்கிவிட்டுப் பிறகு 50 டிகிரிக்குக் கொண்டுபோனால் தாக்குப்பிடிக்கும். எச்எஸ்பி104 இல்லாத ஈஸ்ட்டை எவ்வளவு பழக்கினாலும் பிரயோஜனம் இல்லை, செத்துப்போகும். 1994-இல் இன்னொரு படி: இந்தப் புரதம் திரளுவதைத் தடுக்கவில்லை, திரண்டதைப் பிரிக்கிறது என்று அதே குழு காட்டியது. ஆறு துண்டுகள் சேர்ந்த வளையம் இது. திரளிலிருந்து ஒரு நூல்முனையைப் பிடித்து, ஏடிபியைச் செலவழித்து, நடு ஓட்டை வழியாக இழுத்து உருவி அந்தப் பக்கம் விடும். சிக்கு விழுந்த நூல்கண்டிலிருந்து ஒரு முனையைத் தேடி இழுப்போமே, அது மாதிரி. முனையைத் தேடிக் கொடுப்பது எச்எஸ்பி70, எச்எஸ்பி40. வெந்த முட்டையில் இந்த இயந்திரமும் இல்லை, செலவழிக்க ஏடிபியும் இல்லை. முட்டைக்கும் செல்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் சைட்டோபிளாசத்தில் எச்எஸ்பி104 கிடையாது, ஆனால் எச்எஸ்பி110-ஐக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு எச்எஸ்பி70 குழுவே இந்த வேலையையும் பார்க்கிறது.

அப்படியானால் சூடாகிவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் இதில்தான் எனக்கு ருசி அதிகம். 1960-களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்த ஒருவர் இன்குபேட்டரின் வெப்பத்தை ஏற்றிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்களில் உப்பல்கள், அதாவது அங்கே ஏதோ மரபணுக்கள் திடீரென்று மும்முரமாக வேலை செய்கின்றன. உயிரியலுக்கு இதில் முக்கியத்துவம் இல்லை என்று ஒரு பெரிய ஆய்விதழ் திருப்பி அனுப்பியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார், 1962-இல் எக்ஸ்பீரியன்ஷியா இதழில் வெளிவந்தது. அந்த மரபணுக்கள் செய்வது என்ன புரதம் என்று 1974-இல் தெரிந்தது, வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்ற பெயர் அப்படி ஒட்டியது. ஈக்கு 37 டிகிரி அதிர்ச்சி, நமக்கு அது சாதாரணம். ஆகவே இங்கே கணக்கு டிகிரியில் இல்லை.

பின்னே எதில்? சும்மா இருக்கும் சாப்பரோன்களின் எண்ணிக்கையில். எச்எஸ்எஃப்1 என்ற புரதம்தான் இந்த மரபணுக்களை முடுக்கும் சாவி. சாதாரண நாளில் எச்எஸ்பி70, எச்எஸ்பி90 எல்லாம் அதைப் பிடித்து உட்காரவைத்திருக்கும். சூட்டில் குலைந்த புரதங்கள் பெருகினால் சாப்பரோன்கள் எல்லாம் அங்கே ஓட, எச்எஸ்எஃப்1 விடுபட்டு மூன்று மூன்றாகச் சேர்ந்து டிஎன்ஏவில் போய் உட்காரும், புதுச் சாப்பரோன்கள் உற்பத்தியாகும். வேலை முடிந்து அவை சும்மா ஆனதும் திரும்ப எச்எஸ்எஃப்1-ஐப் பிடித்துக்கொள்ளும், உற்பத்தி நிற்கும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கைகள் எல்லாம் வேலையாக இருந்தால்தானே இன்னும் இரண்டு ஆளைக் கூப்பிடுங்கள் என்ற குரல் வரும், அது மாதிரி. (பாக்டீரியா இதோடு ஒரு நேரடி வெப்பமானியும் வைத்திருக்கிறது: அதன் முடுக்கிப் புரதத்துக்கான ஆர்என்ஏவே சூட்டில் முடிச்சு அவிழ்ந்தால்தான் நன்றாக வாசிக்கப்படும்.) சகாராவில் கடும் வெயிலில் இரை தேடும் கேட்டாகிளிஃபிஸ் எறும்புகள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. வெளியே போன பிறகு செய்ய நேரம் இருக்காது என்பதால் புற்றிலிருந்து கிளம்பும் முன்பே செய்து வைத்துக்கொள்கின்றன.

சூடு மட்டும்தான் எதிரி என்றும் நினைக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் பாக்டீரியாவைக் கொல்வதில் இதே திரளுக்குப் பங்கு உண்டு என்று மிச்சிகனில் உர்சுலா யாக்கோப் குழு 2008-இல் காட்டியது. ஆக்சிஜனேற்றத்தில் ஏடிபி வேறு சரிந்துவிடும், எச்எஸ்பி70 முடங்கிவிடும். அந்த நேரத்துக்கென்றே பாக்டீரியாவிடம் எச்எஸ்பி33 இருக்கிறது, ஏடிபி வேண்டாதது. வேடிக்கை என்னவென்றால் மற்றப் புரதங்களைக் குலைக்கும் அதே பிளீச், எச்எஸ்பி33-இல் பாதியை அவிழ்த்து அதை வேலைக்கு எழுப்புகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சாப்பரோன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஈஸ்ட்டில் பிரியான் என்ற, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் புரதத் திரள் உண்டு. அது தலைமுறை தலைமுறையாகப் பரவ எச்எஸ்பி104 அவசியம், ஏனென்றால் அது நீண்ட இழையை வெட்டிப்போட, ஒவ்வொரு துண்டும் புது விதையாகிறது. புற்றுச் செல்களும் தங்கள் கோணல் புரதங்களைத் தாங்கிப்பிடிக்க எச்எஸ்பி90-ஐத்தான் நம்பியிருக்கின்றன, அதைத் தடுக்கும் மருந்துகளை நிறையப் பேர் முயன்றதற்குக் காரணம் அது. திரண்டதெல்லாம் சேதம் என்பதும் பழைய எண்ணம். சூட்டில் ஈஸ்ட்டின் சில புரதங்கள் ஒழுங்காகவே ஒதுங்கித் திரண்டு, ஆறியதும் எந்தச் சேதமும் இல்லாமல் கலைகின்றன.

நரம்பு நோய்களில் இது இன்னும் சிக்கல். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தின் தொடர் அளவுக்கு மீறி நீண்டுபோன நோய்ப் புரதத்தைப் பழ ஈயின் கண்ணில் செய்யவைத்தால் கண் சிதையும். கூடவே மனித எச்எஸ்பி70-ஐயும் கொடுத்தால் சிதைவு வெகுவாகக் குறைகிறது என்று நான்சி போனினி குழு 1999-இல் காட்டியது. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த திரள்கள் அப்படியே இருந்தன! அதாவது கண்ணுக்குத் தெரிகிற பெரிய திரளைவிட, அதற்கு முந்தைய சின்னச் சின்ன ஒட்டல்களோ, புரதம் யாரோடு வேண்டாத சகவாசம் வைக்கிறது என்பதோதான் ஆபத்து போலிருக்கிறது. மறுபடியும் பெரியம்மா வேலைதான். வயதாகும்போது இந்த ஏற்பாடே மந்தமாகிறது. சீ. எலிகன்ஸ் என்ற மில்லிமீட்டர் நீளப் புழுவில், முட்டையிடும் பருவம் தொடங்கும்போதே வெப்ப அதிர்ச்சிக்குப் பதில் கொடுக்கும் திறன் சட்டென்று குறைகிறது.

கடைசிக் கேள்வி, அதிகப்படுத்த வழி உண்டா. உடற்பயிற்சி செய்தால் தசையில் எச்எஸ்பி70 கூடும், அது உண்மை. ஆனால் காய்ச்சலின்போது நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, காய்ச்சலே அந்தத் தூண்டலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இன்னும் சூடேற்றுவது வேண்டாத வேலை. எச்எஸ்பி மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அதுவும் ஒரு புரதம்தான், வயிற்று அமிலத்தில் அவிழ்ந்து துண்டு துண்டாக வெட்டுப்படும். அந்த அமிலத்தில் தாக்குப்பிடிக்கிற சாப்பரோன் ஒன்று உண்டு, எச்டிஇஏ என்று பெயர், அமிலம் பட்டால்தான் அதற்கு வேலையே ஆரம்பிக்கும். ஆனால் அது ஈ. கோலை பாக்டீரியாவுடையது, நம் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குப் போய்ச்சேர அது வைத்திருக்கிற ஏற்பாடு.